இயற்கையின் சீற்றமும் ஆதிக்கத்தின் சூழ்ச்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் இசை உண்டு, நாடகம் உண்டு, நம் குழந்தைகளின் ஆடல் உண்டு. இவற்றுக்கு இடையே ஒரு சொற்பொழிவும் இருத்தல் வேண்டும் என்பது நம் சங்கத்தின் மரபு. விடுதலைப் போராட்டங்களைப் பற்றி ஏதேனும் பேசுக என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். போர்க்களங்களைப் பற்றியும் சிறைச்சாலைகளைப் பற்றியும் நாம் பலகாலும் கேட்டிருக்கிறோம். ஆதலின், அதிகம் பேசப்படாத ஒன்றை எடுத்துக்கொண்டேன். நிலம் நடுங்கியபோதும் கடல் பொங்கியபோதும், அத்துன்பத்தையே கருவியாகக் கொண்டு மக்களின் விடுதலை வேட்கையை அடக்க ஆதிக்கம் செய்த முயற்சியே இன்றைய பொருள்.

பேரிடர் வந்துற்றபோது மனிதன் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. 'இஃது எவ்வாறு நேர்ந்தது?' என்பது ஒன்று. 'எனக்கு ஏன் நேர்ந்தது?' என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை காண அறிஞர்க்குப் பல்லாண்டுகள் ஆகலாம். இரண்டாம் கேள்விக்கோ எவரும் அன்று மாலையே விடை சொல்லிவிடலாம். பிள்ளையை இழந்து, வீட்டை இழந்து, தெருவில் அமர்ந்திருப்பவனிடம் முதலில் சென்று பேசுபவன் சொல்லே அவன் நெஞ்சில் பதிகிறது. அவ்வாறு முதலில் பேசியவர்கள் ஆதிக்கத்தின் தூதர்களாக இருந்தபோது விளைந்தது என்ன என்பதற்குத் தென்னமெரிக்காவில் உள்ள வெனிசுவேலா நாட்டின் வரலாறு சான்று பகர்கிறது.

முந்நூறு ஆண்டுகளாக அந்நாடு ஸ்பெயின் மன்னர்க்கு அடங்கியிருந்தது. நெப்போலியன் ஸ்பெயினில் புகுந்து மன்னரைச் சிறைப்படுத்திய காலத்தில், தலைநகராகிய காரகாஸ் நகரத்து மக்கள் ஸ்பெயினின் ஆளுநரை நீக்கித் தாமே ஓர் ஆட்சிக்குழுவை அமைத்தனர். அந்நாள் 1810-ஆம் ஆண்டு ஏப்ரல் 19. கிறித்தவர்கள் நோன்பிருந்து வழிபடும் பெரிய வியாழன். அடுத்த ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் முழு விடுதலையையும் அறிவித்தனர். ஆனால், நாடு முழுவதும் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. கோரோ, மாரக்காய்போ, குவயானா ஆகிய பகுதிகள் மன்னர்பாலே இருந்தன.

1812-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள் மீண்டும் பெரிய வியாழன் வந்தது. மாலை நான்கு மணிக்குக் கோயில்கள் எல்லாம் மக்களால் நிரம்பியிருந்தன. அவ்வேளையில் நிலம் நடுங்கியது. கோயில்கள் வழிபடுவோர் தலைமேலேயே இடிந்து வீழ்ந்தன. திருவலத்திற்குச் செல்ல அணிவகுத்து நின்ற போர்வீரர்கள் பாசறையின் இடிபாட்டில் புதையுண்டனர். காரகாசோடு லா குவைரா, பார்க்கிசிமெத்தோ, சான் பெலிப்பே, மெரிதா ஆகிய ஊர்களும் அழிந்தன. காரகாசில் மட்டும் ஒன்பதாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை மாண்டனர் என்று, அந்நகரில் முன்னர்த் தங்கியிருந்த ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட்டு பிற்காலத்தில் எழுதினார்.

இனி, மன்னர் பக்கத்தினர் கணக்கிட்டதைப் பாருங்கள். ஆளுநரை நீக்கியது பெரிய வியாழன். நிலம் நடுங்கியதும் பெரிய வியாழன். இடிந்த ஊர்கள் பெரும்பாலும் விடுதலை அரசின் ஊர்கள். தப்பியவை மன்னர்க்கு அடங்கிய ஊர்கள். இதனினும் பெரிய சான்று வேண்டுமோ? ஆண்டவனால் முடிசூட்டப்பெற்ற மன்னரை எதிர்த்தீர்கள், ஆண்டவன் ஒறுத்தான், இனியேனும் மண்டியிட்டு மன்னிப்புக் கேளுங்கள் என்ற கருத்தைச் சமயவுரையாளர் சிலர் இடிபாடுகளின் நடுவே நின்று முழங்கினர். மக்கள் நடுங்கினர். பலர் முழங்காலிட்டு மன்னர் பெயரைச் சொல்லி அழுதனர்.

அந்நேரத்தில் இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவர் இடிபாடுகளின்மேல் ஏறிப் புதையுண்டோரை மீட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் சிமோன் பொலிவார். மன்னர் பக்கத்தைச் சேர்ந்த ஹோசே தொமிங்கோ தியாஸ் என்பவர் சான் ஹசிந்தோ கோயிலின் இடிபாட்டில் அவரைக் கண்டார். இயற்கையே எதிர்த்து நின்றாலும் அதனோடும் போரிட்டு அதனைப் பணியவைப்போம் என்ற பொருள்பட அப்போது பொலிவார் சொன்னதாகத் தியாஸ் தம் நூலில் பின்னர் எழுதினார். பொலிவாரின் செருக்கையும் இறைவனுக்கு அஞ்சாமையையும் காட்டுவதற்காகவே பகைவர் அதனை எழுதினார். ஆனால், அச்சொல்லையே பிற்காலத்து வெனிசுவேலா மக்கள் போற்றிக் கொண்டாடுகின்றனர். இகழ எழுதியது புகழாக நின்றுவிட்டது.

சமயத்தை இதற்குக் குற்றஞ்சாட்டுதல் நேர்மையாகாது. 1810-இல் ஆளுநரை நீக்குவதில் முன்னின்றவர்களுள் மதரியாகா என்ற பாதிரியாரும் ஒருவர். விடுதலை அறிக்கையில் கையொப்பமிட்டவர்களிலும் குருமார் இருந்தனர். மெரிதா நகரத்து ஆயரே அந்நிலநடுக்கத்தில் இறந்தார். பழுது சமயத்தில் இல்லை. மக்களின் இறையச்சத்தை ஒரு மன்னரின் ஆட்சிக்குக் காவலாக்கிய சூழ்ச்சியில் இருந்தது. இது இயற்கையின் செயல் என்று மக்களுக்கு ஓர் அறிக்கை விடுமாறு விடுதலை அரசு காரகாஸ் பேராயர் கோல் இ பிராத்தைக் கேட்டுக்கொண்டது. இயற்கையின் செயலும் இறைவன் தண்டிக்கும் வழியே என்பது அவருடைய கொள்கையாக இருந்தது. அரசு வேண்டிய தெளிவான சொல் அவரிடமிருந்து வரவில்லை.

மன்னர் பக்கத்தினர் காட்டிய அந்தச் 'சான்று' உண்மையில் யாது? இன்றைய நிலவியல் அதனை எளிதாக விளக்குகிறது. வெனிசுவேலாவின் வடக்கு விளிம்பில் கரீபியன் நிலத்தட்டும் தென்னமெரிக்க நிலத்தட்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்கின்றன. அவ்வுரசலால் விளைந்த பிளவுகள் மெரிதாவின் மலைத்தொடரை ஊடுருவிச் சென்று, வடகடற்கரை மலைகளை ஒட்டிக் காரகாஸ் பக்கமாக நீள்கின்றன. அழிந்த ஊர்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் அவை இப்பிளவுகளை ஒட்டியே வரிசையாக நிற்பதைக் காணலாம். குவயானாவோ மிகப் பழமையான, உறுதியான பாறைநிலத்தின்மேல் அமைந்தது. அரசியலால் ஊர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்திருந்தன. நிலத்தடிப் பிளவு தன் வழியே சென்றது. இரண்டும் ஒத்துவந்தது தற்செயல். ஆயினும், 1812-இல் இதனை விளக்க எந்த அறிஞராலும் இயலவில்லை. அறியாமை இருந்த இடத்தில் அச்சம் குடிபுகுந்தது. அச்சம் இருந்த இடத்தில் ஆதிக்கம் மீண்டும் நுழைந்தது.

மொந்தேவெர்தே என்ற ஸ்பானியப் படைத்தலைவர் கோரோவிலிருந்து ஒரு சிறு படையோடு புறப்பட்டிருந்தார். நிலநடுக்கத்திற்குப் பின் ஊர்கள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் சாய்ந்தன. பார்க்கிசிமெத்தோவில் விடுதலைப் படை இடிபாட்டில் சிதைந்து போயிருந்தது. ஜூலை 25-ஆம் நாள் விடுதலை அரசின் தலைவர் மிராந்தா சரணடைவு உடன்படிக்கை செய்தார். நான்கே மாதத்தில் குடியரசு வீழ்ந்தது.

அன்பர்களே! இங்கேதான் நாம் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நிலநடுக்கமா குடியரசை வீழ்த்தியது? அவ்வாண்டு டிசம்பர் 15-ஆம் நாள் கார்த்தஹேனா நகரில் பொலிவார் வெளியிட்ட அறிக்கை இதற்கு விடை தருகிறது. நிலநடுக்கம் மக்களின் உடைமைகளையும் உள்ளங்களையும் தாக்கியது என்பதை அவர் மறைக்கவில்லை. அதன்பின் சமயவுரையாளர் சிலர் செய்த வேலையையும் அவர் மறக்கவில்லை. ஆயினும், ஒற்றுமையற்ற கூட்டாட்சி அமைப்பு, பயிற்சி பெற்ற படை இல்லாமை, மதிப்பிழந்த காகிதப் பணம் ஆகியவற்றையே அவர் முதன்மையான குற்றங்களாக எடுத்துரைத்தார். அவர் விரித்துரைக்காத ஒன்றையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம். அக்குடியரசு அடிமை வணிகத்தைத் தடுத்ததே அன்றி அடிமைமுறையை ஒழிக்கவில்லை. சொத்துடையார்க்கே வாக்குரிமை அளித்தது. தமக்கு ஒன்றும் தராத அரசுக்காக ஏழை மக்கள் ஏன் துன்பத்தைத் தாங்குவர்?

வதந்தி வேரூன்ற ஈரமண் வேண்டும். அந்த ஈரத்தைக் குடியரசே தேக்கி வைத்திருந்தது. மேலும், பசித்தவர்க்கு உணவு உடனே எட்டவில்லை. 1812 மே 8-ஆம் நாள் வட அமெரிக்க ஐக்கிய நாடுகளின் காங்கிரஸ் வெனிசுவேலா மக்களுக்கு உணவு வாங்கி அனுப்ப 50,000 டாலர் ஒதுக்கியது. அஃது உயர்ந்த செயலே. ஆனால், மாவு மூட்டைகள் கப்பலேறிக் கடல் கடந்து வருதல் வேண்டும். வதந்திக்குக் கப்பல் வேண்டுவதில்லை.

வெனிசுவேலா நமக்கு மிகத் தொலைவு. இனி, நாம் வாழும் இவ்வங்க மண்ணுக்கே வருவோம். இக்கொல்கத்தாவிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் உள்ளது தம்லுக் நகரம். இன்று கிழக்கு மேதினிபூர் மாவட்டத்தின் தலைநகர். நம்மில் பலர் திகா கடற்கரைக்குச் செல்லும்போது அப்பகுதியைக் கடந்தே செல்கிறோம். 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் அங்கே கொழுந்துவிட்டு எரிந்தது. செப்டம்பர் 29-ஆம் நாள் எழுபது வயது கடந்த மாதங்கினி ஹஸ்ரா அம்மையார் மூவண்ணக் கொடியைக் கையில் ஏந்தியவாறே தம்லுக்கில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்.

அதன்பின் மூன்று வாரமும் ஆகவில்லை. அக்டோபர் 16-ஆம் நாள், துர்க்கா பூசையின் சப்தமி நாளில், பெரும்புயல் வீசியது. கடல் பொங்கித் தம்லுக், காண்டாய்ப் பகுதிகளுக்குள் புகுந்தது. ஏறத்தாழ 14,500 மக்களும் 1,90,000 கால்நடைகளும் மாண்டதாகப் பின்னர் அமைந்த பஞ்ச விசாரணைக் குழு 1945-இல் கணக்குரைத்தது. அறுவடைக்கு இருந்த நெல் உப்புநீரில் அழுகியது. சப்பானியர் கையில் சிக்கலாகாது என்று அரசு அவ்வாண்டின் முற்பகுதியிலேயே கடலோர வங்கத்தின் படகுகளைப் பறித்திருந்தது. தப்பிச் செல்லவும், உணவு கொண்டு செல்லவும் படகில்லை.

காரகாசில் ஆதிக்கம் உரக்கப் பேசியது. மேதினிபூரில் ஆதிக்கம் வாயை மூடிக்கொண்டது. பிறர் வாயையும் மூடியது. போர்க்காலத் தணிக்கை என்று சொல்லி, இத்துணைப் பெரிய அழிவின் செய்தி இரண்டு வாரங்களுக்கு மேல் நாளிதழ்களில் வெளிவராமல் தடுத்தனர். செய்தி இல்லையேல் உதவி இல்லை. உதவி செய்ய முன்வந்த தொண்டர்களையும் ஆள்வோர் ஐயக்கண்ணோடு நோக்கினர். கிளர்ச்சி செய்தவர்கள் பட்டுத் தெளியட்டும் என்ற மனப்பான்மை மாவட்ட ஆட்சியில் இருந்தது. வங்க அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்த சியாமா பிரசாத் முகர்ஜி, மேதினிபூரில் நடந்த அடக்குமுறையையும் புயலுக்குப்பின் ஆள்வோர் நடந்துகொண்ட முறையையும் கண்டித்து 1942 நவம்பரில் பதவி விலகினார். ஓர் அமைச்சரே வெளியேறி வந்து சொல்லவேண்டிய அளவுக்கு உண்மை பூட்டி வைக்கப்பட்டிருந்தது.

இதனையும் நான் பிரசாரம் என்றே சொல்வேன். 'ஆண்டவன் உன்னைத் தண்டித்தான். பணிந்து போ' என்பது ஒரு வகை. 'நீ எதிர்த்தாய், ஆதலின் உனக்குச் சோறில்லை, பணிந்து போ' என்பது மற்றொரு வகை. முன்னது சொல்லால் செய்தது. பின்னது சோற்றால் செய்தது. இரண்டின் நோக்கமும் ஒன்றே.

ஆனால், முடிவு வேறாயிற்று. 1942 டிசம்பர் 17-ஆம் நாள், புயல் வீசிய இரண்டு மாதத்தில், தம்லுக்கில் 'தாம்ரலிப்த தேசிய அரசு' என்ற மக்கள் அரசு எழுந்தது. சதீஷ் சந்திர சாமந்தா அதன் முதல் தலைவராக இருந்தார். அவ்வரசு வழக்குகளைத் தீர்த்தது, பள்ளிகளுக்கு உதவியது, புயலால் வாடியவர்க்கு நிவாரணம் வழங்கியது. 1944 வரை அது நீடித்தது. காரகாஸ் குடியரசு மக்களின் துயரத்திற்கு விடை சொல்ல வகையின்றி வீழ்ந்தது. தம்லுக்கின் அரசு அத்துயரத்தைத் துடைப்பதையே தன் வேலைகளுள் ஒன்றாக ஏற்று நின்றது. சோறு கொடுத்தவன் சொல்லை மக்கள் நம்பினர். மறுத்தவன் சொல்லை நம்பவில்லை. அதனினும் பெரிய பஞ்சம் 1943-இல் வங்கத்தை வாட்டியபோதும் அவ்வரசு கலையாமல் நின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

இதுவரை ஆதிக்கத்தைப் பற்றிச் சொன்னேன். இக்கருவி நம் பக்கத்தார் கையிலும் ஒருமுறை தோன்றியது. அதனைச் சொல்லாது விடுதல் முறையன்று. 1934 ஜனவரி 15-ஆம் நாள் பீகாரையும் நேபாளத்தையும் பெரும் பூகம்பம் தாக்கியது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். ஜனவரி 24-ஆம் நாள் நம் திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்திற்கு இறைவன் தந்த தண்டனையே இப்பூகம்பம் என்ற கருத்தை அவர் வெளியிட்டார்.

நோக்கம் உயர்ந்தது, ஐயமில்லை. ஆயினும், இவ்வங்கத்தின் கவியரசர் தாகூர் அதனை ஏற்கவில்லை. காந்தியடிகளை உயிரினும் மேலாக மதித்த அவர், தம் மறுப்பை எழுதியனுப்பினார். காந்தியடிகள் 1934 பிப்ரவரி 16-ஆம் நாள் 'ஹரிஜன்' இதழில் அம்மறுப்பையும் தம் விடையையும் ஒருங்கே வெளியிட்டார். இயற்கை நிகழ்ச்சிக்கு ஒழுக்கக் காரணம் கற்பித்தல் தகாது என்பது தாகூரின் வாதம். இத்தகைய வாதம் காந்தியடிகளைவிட அவருடைய எதிரிகளின் மனப்போக்குக்கே மிகுதியும் பொருந்தும் என்றும் அவர் எச்சரித்தார். தீண்டாமையால் நிலம் நடுங்கியது என்று ஒருவர் சொன்னால், தீண்டாமையை ஒழிக்கப் புறப்பட்டதால்தான் நடுங்கியது என்று மற்றொருவர் சொல்வதை எவ்வாறு தடுப்பது? காந்தியடிகள் தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால், மறுப்பை மறைக்காமல் தம் இதழிலேயே அச்சிட்டார். செய்தியைப் பூட்டி வைத்த மேதினிபூர் ஆட்சியோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள்; ஆதிக்கத்திற்கும் அறத்திற்கும் உள்ள வேறுபாடு புலப்படும்.

அப்பூகம்பத்தின்போது நடந்த மற்றொன்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். சிறையிலிருந்த இராசேந்திர பிரசாத் இரண்டு நாளில் விடுதலையானார். நோயுற்ற உடம்போடு வந்து, நிதி திரட்டி, தொண்டர்களைச் சேர்த்து, நிவாரணப் பணியை நடத்தினார். காந்தியடிகளும் பின்னர்ப் பீகாருக்குச் சென்று ஊர் ஊராக நடந்தார். இடிந்த வீட்டின் முன் நிற்பவனுக்கு உதவிக்கு நீண்ட அக்கைகள், எந்த விளக்கவுரையைக் காட்டிலும் தெளிவாகப் பேசின.

வள்ளுவப் பெருந்தகை 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதனை அவர் எங்கே வைத்தார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 'ஊழ்' என்ற அதிகாரத்தை அறத்துப்பாலின் இறுதியில் வைத்தார். இடுக்கண் அழியாமையையோ பொருட்பாலில், அரசியலின் இறுதியில் வைத்தார். துன்பத்தில் உள்ளம் தளராமை வெறும் தனிமனிதப் பண்பு மட்டுமன்று. நாட்டை நடத்துவோர்க்கும், நாட்டுக்காக நிற்போர்க்கும் வேண்டிய அரசியல் பண்பு என்று நான் அதற்குப் பொருள் கொள்கிறேன். காரகாசும் தம்லுக்கும் இவ்வுண்மைக்கு இரண்டு உரைகள்.

தாய்மார்களே, அன்பர்களே! நாம் பிறந்த மண்ணை விட்டு வந்து இக்காலனியில் வாழ்கிறோம். புயல் இவ்வூருக்குப் புதிதன்று. 2020 மே மாதத்தில் அம்பன் புயல் வீசியதை நம் குழந்தைகளும் அறிவார்கள். அத்தகைய நாள்களில் கைப்பேசி வழியாக எத்தனையோ சொற்கள் பரவுகின்றன. இன்ன மதத்தாரால் வந்தது, இன்ன சாதியாரால் வந்தது, இன்ன கட்சிக்கு வாக்களித்ததால் வந்தது என்று எவரேனும் எழுதியனுப்பினால், காரகாஸ் நகரத்துச் சதுக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 'இதனை நம்பி நான் அஞ்சினால் யாருக்கு ஆதாயம்?' என்று ஒரு கணம் கேளுங்கள். அக்கேள்வி நம் பிள்ளைகளின் நாவில் பழகிவிட்டால், அதுவே பெரிய கல்வி.

கேள்வி மட்டும் போதாது. முதலில் சென்று பேசுபவனுக்கே மக்கள் செவிசாய்ப்பர் என்று தொடக்கத்தில் சொன்னேன். அம்முதல்வன் நாமாக இருக்கலாமே! இடர் வந்த அன்றே இச்சங்கத்தின் கதவு திறந்திருக்கட்டும். அடுப்பு எரியட்டும். அண்டை வீட்டார் வங்காளியோ பீகாரியோ ஒடியரோ தமிழரோ என்று பாராமல் ஒரு தட்டுச் சோறு செல்லட்டும். நம் இளைஞர்கள் உண்மைச் செய்தியைக் கேட்டறிந்து வீடு வீடாகச் சொல்லட்டும். கஞ்சியோடு சென்ற உண்மைக்கு வலிமை மிகுதி.

நிலம் இன்னும் நடுங்கும். கடல் இன்னும் பொங்கும். அவற்றைத் தடுக்கும் ஆற்றல் நமக்கு இல்லை. அவற்றின் பெயரால் எவரும் நம்மைப் பணியவைக்காதபடி காத்துக்கொள்ளும் ஆற்றல் நமக்கு உண்டு. அவ்வாற்றல் இச்சங்கத்தில் ஆண்டுதோறும் வளர்க!